மீகாமனும் அமைவோலையும்: கொள்கலச் செயலிகளுக்கு அமைவு வழங்கும் முறை – ஓர் ஆய்வு

முன்னுரை

நூல் வேறு, அந்நூலுக்கு முன் நிற்கும் பாயிரம் வேறு. ஆயினும் பாயிரம் இல்லாத நூலை நம் முன்னோர் நூலாகவே மதித்தாரல்லர். ஆக்கியோன் யார், நூல் வழங்கும் எல்லை யாது, கேட்போர் எவர், எக்காலத்தில், எக்களத்தில், எக்காரணத்தால் எழுந்தது என்னும் செய்திகள் நூலின் உள்ளே இல்லை. எனினும் அவற்றை அறியாது நூலுள் புகுதல் அரிது. எல்லா நூற்கும் பொதுவாக நிற்பதைப் பொதுப்பாயிரம் என்றும், ஒரு நூலுக்கே உரியதாய் நிற்பதைச் சிறப்புப்பாயிரம் என்றும் நன்னூலார் பகுத்துரைத்தார்.

இன்று கணிப்பொறியில் இயங்கும் செயலிகளுக்கும் இத்தகைய பாயிரம் உண்டு. செயலியின் நிரல் ஒன்றே. ஆனால் அது எந்தத் தரவுத்தளத்தை நாட வேண்டும், எம்மொழியில் முகப்பைக் காட்ட வேண்டும், எக்கடவுச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்னும் குறிப்புகள் நிரலுக்குப் புறத்தே நிற்கின்றன. இவற்றைக் கான்ஃபிகரேஷன் என்று கணிப்பொறியாளர் வழங்குவர். தமிழில் அமைவு எனலாம். கொள்கலங்களில் இயங்கும் செயலிகளுக்கு இவ்வமைவுகளை எவ்வாறு தோற்றுவிப்பது, அதில் நேரும் பிழைகள் யாவை, அப்பிழைகளைத் தவிர்க்கும் நெறி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்குரிய விடை கட்டுரையின் போக்கில் தானே புலப்படும்.

கலம் என்னும் சொல்

தமிழில் கலம் என்பது பாத்திரத்தையும் குறிக்கும்; கப்பலையும் குறிக்கும். உண்கலமும் மரக்கலமும் ஒரு சொல்லின் இரு முகங்கள். கணிப்பொறி உலகில் கன்டெய்னர் எனப்படும் கொள்கலமோ, இவ்விரு பொருளையும் ஒருங்கே தழுவி நிற்கக் காண்கிறோம்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க வணிகர் மால்கம் மெக்லீன் ஏற்பாட்டில் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 உலோகப் பெட்டிகளைச் சுமந்து நெவார்க் துறையிலிருந்து ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே ஏற்றி இறக்கினர். பெட்டியின் அளவு ஒரே தரமானபின், உள்ளே இருப்பது துணியா தேயிலையா என்று கப்பலும் பாரந்தூக்கியும் கவலைகொள்ளத் தேவையில்லாமற் போயிற்று. இக்கருத்தே மென்பொருளுக்கும் வந்தது. செயலியையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் ஒரே பெட்டியில் அடைத்து எக்கணிப்பொறியிலும் இயக்கும் முறையை 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவி உலகெங்கும் பரப்பியது.

பெட்டிகள் பலவாயினபோது அவற்றை நடத்துவோன் ஒருவன் தேவைப்பட்டான். எப்பெட்டியை எப்பொறியில் ஏற்றுவது, ஒன்று செயலிழந்தால் அதனிடத்தில் மற்றொன்றை எழுப்புவது, கூட்டம் மிகுங்கால் எண்ணிக்கையைப் பெருக்குவது ஆகிய பணிகளைச் செய்ய கூகுள் நிறுவனத்தார் 2014இல் குபர்னெட்டிஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அதன் முதற்பதிப்பு 2015 சூலையில் நிறைவுற்றது. குபர்னெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல். கப்பலைச் செலுத்துவோன் என்பது அதன் பொருள். தமிழில் அவனே மீகாமன்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாய்வு சுவை பயக்கும். நாம் இன்று வழங்கும் மாலுமி என்னும் சொல் அரபியில் ஆசிரியரையும் கப்பல் வழிகாட்டியையும் குறிக்கும் முஅல்லிம் என்பதிலிருந்து வந்ததென்பர். கப்பலைத் திருப்பும் சுக்கான் என்பதும் அரபிச் சொல்லே. கடலோடிய மரக்காயர்களின் வாழ்வோடு கலந்து இச்சொற்கள் தமிழாயின. வேற்றுமொழிச் சொல்லை ஏற்பதும், ஏற்றதைத் தன்வயமாக்குவதும் தமிழுக்குப் புதியன அல்ல என்பதற்கு இவை சான்று. ஆகவே குபர்னெட்டிஸைக் கண்டு நாம் மருளவேண்டுவதில்லை.

நம் வட்டாரத்திற்கும் இச்செய்திக்கும் ஒரு தொடர்பு உண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் எயிற்பட்டினமும் கிடங்கிலும் அடங்கும். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணமாகவும், கிடங்கிலைத் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கலாகவும் அறிஞர் கருதுவர். கடற்றுறையும் கோட்டையும் கொண்டிருந்த இம்மண்ணில் பிறந்தோர்க்குக் கலமும் மீகாமனும் அயற்பொருள் ஆகா.

அமைவைப் புறத்தே நிறுத்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுகோளாகக் கொள்வோம். ஒரு கல்லூரிக்கு மாணவர் சேர்க்கை விண்ணப்பத்தை ஏற்கும் செயலி ஒன்று உளது. அது மூன்று களங்களில் இயங்கவேண்டும். நிரலாளர் பயிலும் சோதனைக்களம் ஒன்று. அலுவலர் சரிபார்க்கும் ஒத்திகைக்களம் ஒன்று. மாணவர் உண்மையாகவே விண்ணப்பிக்கும் மெய்க்களம் ஒன்று. மூன்றிலும் செயலி ஒன்றே. ஆனால் தரவுத்தளத்தின் முகவரி மூன்றிலும் வேறு. கட்டணம் பெறும் வாயில் முதல் இரண்டில் போலியானது, மூன்றாவதில் மெய்யானது.

இவ்வேறுபாடுகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் யாது நேரும்? களத்திற்கு ஒரு பெட்டியாக மூன்று பெட்டிகள் கட்டவேண்டும். ஒத்திகையில் சரிபார்த்த பெட்டி வேறு, மெய்க்களத்திற்குச் செல்லும் பெட்டி வேறு என்றாகிவிடும். அப்போது ஒத்திகைக்கே பொருளில்லை. ஆதலின் ஒரே பெட்டியைக் கட்டி, அமைவை மட்டும் களத்திற்கேற்ப வெளியிலிருந்து ஊட்டவேண்டும் என்பது நெறியாயிற்று. ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2011 அளவில் தொகுத்து வெளியிட்ட பன்னிரு காரணிச் செயலி என்னும் கோட்பாட்டில் இது மூன்றாவது காரணியாக வைக்கப்பட்டுள்ளது. நிரலை இப்பொழுதே உலகறிய வெளியிட்டாலும் எந்த மறைபொருளும் வெளிப்படாது என்னும் நிலை இருக்குமாயின், அமைவு முறையாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று அறியலாம். இது மாணவர் மனங்கொள்ளத்தக்க எளிய உரைகல்.

குபர்னெட்டிஸில் அமைவைத் தாங்குவன இருவகை. வெளிப்படையான குறிப்புகளைத் தாங்குவது கான்ஃபிக் மேப்; கடவுச்சொல், திறவுகோல் முதலியவற்றைத் தாங்குவது சீக்ரெட். கான்ஃபிக் மேப் 2016இல் வெளிவந்த 1.2ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இவற்றை முறையே அமைவோலை, மறையோலை என்று இக்கட்டுரையில் வழங்குகிறோம். இரண்டும் பெயரும் மதிப்புமாகிய இணைகளின் தொகுப்பே. ஒவ்வொன்றும் 1 மெபிபைட் அளவிற்கு மேற்படலாகாது. பெருந்தரவைச் சேர்த்துவைக்கும் கிடங்காக அமைவோலையைக் கருதலாகாது என்பதை இவ்வெல்லை உணர்த்துகிறது.

கையெழுத்துப்படியின் கேடு

இவ்வோலைகள் யாமல் என்னும் எழுத்துமுறையில் வரையப்படுவன. யாமலில் வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது. ஓரெழுத்திடம் தள்ளி எழுதினால் ஒரு குறிப்பு மற்றொன்றன் உட்பிரிவாகிவிடும். தமிழில் சொற்களைப் பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறுவதை மாணவர் அறிவர். அதனோடு இதனை ஒப்பிடலாம். யாமலின் பழைய 1.1 பதிப்பைப் பின்பற்றும் கருவிகளில் நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டை மேற்கோட்குறியின்றி எழுதினால், அது நாட்டின் பெயராகக் கொள்ளப்படாமல் இல்லை என்னும் எதிர்மறையாகக் கொள்ளப்படும். நார்வேச் சிக்கல் என்றே இது பெயர்பெற்றுவிட்டது. அமைவோலையில் மதிப்புகள் யாவும் எழுத்துச் சரங்களாகவே இருத்தல்வேண்டும். வாயில் எண் 8080 என்பதை மேற்கோட்குறியின்றி எழுதினால் மீகாமன் அதனை ஏற்கமாட்டான்.

இவற்றினும் பெரிய கேடு படியெடுத்தலில் உள்ளது. மூன்று களங்களுக்கு மூன்று ஓலைகளைக் கையால் எழுதுவதாகக் கொள்வோம். சோதனைக்களத்து ஓலையைப் படியெடுத்து ஒத்திகைக்கு மாற்றுவர்; அதனைப் படியெடுத்து மெய்க்களத்திற்கு மாற்றுவர். சில திங்களில் ஓர் ஓலையில் சேர்த்த வரி மற்றோர் ஓலையில் இராது. ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் எஞ்சிநிற்கும். பதிப்பாசிரியர் இதனைப் பாடபேதம் என்பர்.

ஏட்டுச்சுவடிகள் இவ்வாறே வேறுபட்டன. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கியே பாடத்தைத் தெளிந்தார். அவருடைய உழைப்பு போற்றற்குரியது. ஆனால் மூலபாடம் ஒன்று தொடக்கம் முதலே காக்கப்பட்டிருக்குமாயின் அவ்வுழைப்பில் பெரும்பகுதி தேவைப்பட்டிராது. செயலியின் ஓலைகளில் நாம் அம்மூலபாடத்தைக் காக்க இயலும். காவாதொழிந்தால் விளைவு யாது? மெய்க்களத்து ஓலையில் போலிக் கட்டணவாயிலின் முகவரி தவறி நின்றுவிட்டதாகக் கொள்வோம். மாணவன் கட்டணம் செலுத்திவிட்டதாகத் திரை காட்டும்; கல்லூரிக்கணக்கில் பணம் சேராது; சேர்க்கையின் இறுதிநாள் கடந்துவிடும். ஒருவரிப் பிழை ஓர் ஏழை மாணவனின் ஓராண்டைக் கவரவல்லது. ஆகவே இதனைக் கருவியைப் பற்றிய செய்தியாக மட்டும் கொள்ளலாகாது.

பகுதியும் விகாரமும்

இக்கேட்டினைக் களைய எழுந்த கருவிகளுள் கஸ்டமைஸ் என்பது ஒன்று. 2018இல் வெளிவந்த இது, 2019 மார்ச்சில் குபர்னெட்டிஸின் 1.14ஆம் பதிப்பு வெளியானபோது கியூப்கண்ட்ரோல் என்னும் கட்டளைக்கருவியின் உள்ளேயே சேர்க்கப்பட்டது. இதன் நெறி தமிழிலக்கணம் கற்றோர்க்கு மிக எளிதில் விளங்கும்.

எல்லாக் களத்திற்கும் பொதுவானது பேஸ் எனப்படும். அதனைப் பகுதி எனலாம். ஒவ்வொரு களத்திற்கும் உரிய வேறுபாடு மட்டும் ஓவர்லே என்னும் தனிக்கோப்பில் எழுதப்படும். பகுதியில் எவரும் கைவைப்பதில்லை. வேறுபாடு அதன்மேல் வந்து புணர்கிறது. அப்புணர்ச்சியில் நிகழ்வன மூன்றே. இல்லாத வரி சேர்தல். உள்ள வரி வேறாதல். உள்ள வரி நீங்குதல். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நாம் பயிலும் மூவகை விகாரங்கள் இவையே அல்லவா?

இப்பகுப்பினால் விளையும் பெரும்பயன் ஒன்றுண்டு. மெய்க்களத்திற்குரிய கோப்பைத் திறந்தால் அக்களம் எவ்வெவற்றில் வேறுபடுகிறது என்பது மட்டுமே கண்ணிற்படும். நூறு வரிகளுக்கு நடுவே மறைந்துகிடக்கும் மூன்று வேறுபாடுகளைத் தேடவேண்டிய இடர் இல்லை. பொதுப்பாயிரமும் சிறப்புப்பாயிரமும் தனித்தனியே நிற்பதன் பயனும் இதுவேயாம்.

ஓலையைத் தோற்றுவிக்கும் முறை

கஸ்டமைஸில் ஓலையைக் கையால் எழுதாமல் கருவியைக்கொண்டே தோற்றுவிக்கும் உறுப்பு ஒன்று உள்ளது. அதனை ஜெனரேட்டர் என்பர்; தோற்றுவாய் எனலாம். அது மூன்று வழிகளில் செய்திகளை ஏற்கும்.

முதலாவது, கோப்புவழி. செயலிக்குரிய அமைவுக்கோப்பு முன்னரே இருக்குமாயின் அதனை அப்படியே கொடுத்துவிடலாம். கோப்பின் பெயர் இணையின் பெயராகவும், கோப்பின் உள்ளடக்கம் இணையின் மதிப்பாகவும் அமையும். இரண்டாவது, பட்டியல்வழி. பெயரும் சமக்குறியும் மதிப்புமாக வரிக்கு ஒன்றாய் எழுதப்பட்ட பட்டியலைக் கொடுத்தால் வரிதோறும் ஓரிணை உண்டாகும். மூன்றாவது, நேர்வழி. ஓரிரு இணைகள் மட்டும் வேண்டுமாயின் அவற்றை நேரேயே குறிப்பிடலாம். இம்மூவழியிலும் இடைவெளிப் பிழை, மேற்கோட்குறிப் பிழை முதலியவை பெரிதும் ஒழிகின்றன. யாமலை எழுதுவது கருவியாதலின்.

பகுதியில் ஒரு தோற்றுவாயும் களக்கோப்பில் அதே பெயருடைய மற்றொரு தோற்றுவாயும் இருப்பின் உறவு யாது என்னும் வினா எழும். புதிதாகப் படைத்தல், இருப்பதோடு கலத்தல், இருப்பதை நீக்கித் தான் நிற்றல் என மூன்று நடைகளுள் ஒன்றை நாம் குறிப்பிடவேண்டும். கலத்தல் என்னும் நடையே பெரும்பான்மையும் பயன்படுவது. மேற்கூறிய சேர்க்கைச் செயலியில், முகப்புமொழி தமிழ், விண்ணப்ப இறுதிநாள் ஆகியன பகுதியில் நிற்கும். தரவுத்தள முகவரியும் கட்டணவாயிலும் களந்தோறும் கலக்கும். குறிப்பு ஒன்றும் தராதவிடத்துப் படைத்தல் என்றே கருவி கொள்ளும். அப்போது ஒரே பெயரில் இரண்டு ஓலைகள் மோதுவதாக அறிவித்து நின்றுவிடும். புதியோர் பலரும் இவ்விடத்தில் மயங்குவர்.

பெயரோடு சேரும் விகுதி

தோற்றுவாயின் சிறப்பு இனிக் கூறப்போவதிலேயே உள்ளது. அதனை உணர முதலில் ஓர் இடரை அறிதல்வேண்டும்.

ஓலையின் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றாது விட்டால், இயங்கிக்கொண்டிருக்கும் செயலி அம்மாற்றத்தை அறியுமா? சூழல்மாறிகளாக மதிப்புகளைப் பெற்ற கொள்கலம் அறியாது. அது தொடங்கியபோது பெற்ற மதிப்பையே கொண்டிருக்கும். கோப்பாக ஏற்றப்பட்ட ஓலை சிறிது காலங்கழித்துப் புதுப்பிக்கப்படும். ஆயினும் செயலி அதனை மீண்டும் படித்தால்தான் பயன். இதனால் விளைவது யாதெனில், பத்துக் கொள்கலங்கள் இயங்குமிடத்து, இடையில் விழுந்தெழுந்த இரண்டு புதிய அமைவோடும் எஞ்சிய எட்டும் பழைய அமைவோடும் இயங்கும். ஒரு மாணவனுக்கு ஒரு கட்டணமும் அடுத்த மாணவனுக்கு வேறு கட்டணமும் காட்டப்படும். காரணத்தைக் கண்டறிவதோ மிக அரிது.

இதற்குத் தோற்றுவாய் கண்ட தீர்வு நுட்பமானது. ஓலையின் உள்ளடக்கத்திலிருந்து கணித முறையில் ஒரு சுருக்கக்குறியைக் கணித்து, அதன் பத்தெழுத்தை ஓலைப்பெயரின் இறுதியில் விகுதியாகச் சேர்க்கிறது. உள்ளடக்கத்தில் ஓரெழுத்து மாறினும் விகுதி மாறும். எனவே பெயரும் மாறும். அப்பெயரைச் சுட்டும் செயலி விவரிப்பிலும் புதுப்பெயரை அக்கருவியே எழுதிவிடும். விவரிப்பு மாறியமையால் மீகாமன் பழைய கொள்கலங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் புதியவற்றை ஏற்றுகிறான். புதியவை நலமாக எழவில்லையெனில் மாற்றம் இடையிலேயே நின்றுவிடும். பழையவை தொடர்ந்து இயங்கும். பழைய ஓலையும் பழைய பெயரிலேயே இருத்தலின் பின்வாங்கவும் இயலும்.

இவ்விகுதியில் தமிழ் மாணவர் சுவைக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கணித்த குறியில் ஆங்கில உயிரெழுத்துகளும், உயிரெழுத்துப்போல் தோற்றமளிக்கும் எண்களும் வருமாயின், அவற்றை நீக்கி மெய்யெழுத்துகளை இடுமாறு அக்கருவியை இயற்றினோர் அமைத்துள்ளனர். தற்செயலாக எழுத்துகள் கூடி அவையில் சொல்லத்தகாத சொல் ஒன்று உருவாகிவிடலாகாது என்பதே காரணம். நம் இலக்கணத்தார் இடக்கரடக்கல் என்று வகுத்த பண்பாடு, பொறி ஆக்கும் பெயரிலும் பேணப்படுவது வியப்பிற்குரியது.

எந்நெறிக்கும் எல்லையுண்டு. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு புதிய ஓலை பிறத்தலால் பழைய ஓலைகள் குவியும். அவற்றை அவ்வப்போது களைதல் வேண்டும். கருவி அறியாத புதுவகை விவரிப்புகளில் ஓலைப்பெயர் வருமாயின், அவ்விடத்தை நாமே அறிவுறுத்தாதவரை பெயர் மாற்றப்படாது. விகுதி வேண்டாவெனில் அதனை நீக்கவும் வழியுண்டு. ஆனால் நீக்குவோர் மேற்கூறிய இடரைத் தாமே ஏற்கிறார் என்பதை மறத்தலாகாது. 2021இல் வெளியான 1.21ஆம் பதிப்பு முதல் ஓலையை மாற்றவியலாதது என்று முத்திரையிடும் வசதியும் நிலைபெற்றது. விகுதியோடு கூடிய ஓலைக்கு அம்முத்திரை மிகப் பொருந்தும்.

ஹெல்ம் என்னும் மற்றொரு கருவியும் பெருவழக்காக உள்ளது. கப்பற் சுக்கானை இயக்கும் அமைப்பைக் குறிப்பது அப்பெயர். அது வார்ப்புருவில் வெற்றிடங்களை விட்டு, தனிக்கோப்பிலுள்ள மதிப்புகளை அவற்றுள் நிரப்பும் முறையைக் கொண்டது. பிறர் பயன்பாட்டிற்காகப் பொதியாக வழங்க அது ஏற்றது. தம் செயலியைத் தாமே நடத்துவோர்க்குக் கஸ்டமைஸ் எளியது. இரண்டனுள் எதைத் தேர்ந்தாலும், ஒரு மூலம் பல களம் என்னும் நெறி ஒன்றே.

மறையோலையின் மறைவு

மறையோலை என்னும் பெயரைக் கண்டு அதன் உள்ளடக்கம் பூட்டப்பட்டுள்ளது என்று கருதுவோர் பலர். அது தவறு. அதிலுள்ள மதிப்புகள் பேஸ்64 என்னும் எழுத்துமாற்றத்தில் எழுதப்படுகின்றனவேயன்றி மறைக்கப்படுவதில்லை. தமிழ் எண்ணுருவில் ஆண்டை எழுதுவது போன்றது அது. அறியாதார்க்கு மறைவாகத் தோன்றும், அறிந்தார் கணத்தில் படிப்பர். குபர்னெட்டிஸின் சேமிப்பகத்திலும், நாம் தனியே ஏற்பாடு செய்தாலன்றி, அவை மறையாக்கம் செய்யப்படுவதில்லை.

இதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. டெஸ்லா நிறுவனத்தின் குபர்னெட்டிஸ் கட்டுப்பாட்டுத்திரை கடவுச்சொல்லின்றித் திறந்து கிடந்ததையும், அதனுள்ளிருந்த மேகக்கணிமைத் திறவுகோல்கள் வெளிப்பட்டதையும், அயலார் அந்நிறுவனத்தின் பொறிகளில் மறைநாணயம் அகழ்ந்ததையும் பாதுகாப்பு ஆய்வாளர் 2018 பிப்ரவரியில் வெளியிட்டனர். 2016இல் ஊபர் நிறுவனத்தின் நிரல் களஞ்சியத்தில் கிடந்த திறவுகோலைக் கைப்பற்றியோர், உலகெங்கும் 5.7 கோடிப் பயனர்களின் செய்திகளைக் கவர்ந்தனர். இரண்டிலும் வழிவகுத்தது, இருக்கத்தகாத இடத்தில் இருந்த மறைபொருளே.

எனவே தோற்றுவாய்க்கு மறைபொருளைக் கொடுக்கும் கோப்பு, நிரல் களஞ்சியத்தில் வெளிப்படையாகச் சேரலாகாது. சாப்ஸ் போன்ற கருவியால் மறையாக்கம் செய்தபின் சேர்க்கலாம். அன்றி வால்ட் போன்ற தனிப்பெட்டகத்தில் வைத்து இயங்கும்போது மட்டும் பெறலாம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று நம் இல்லங்களில் வழங்குவோம். மாணவரின் மதிப்பெண்ணும், நோயாளியின் குறிப்பும், குடிமகனின் அடையாள எண்ணும் அத்தகைய அமானிதங்களே. அவற்றின் திறவுகோலைக் காத்தல் தொழில்நுட்பம் மட்டுமன்று, அறமுமாகும்.

ஒரு நிரல், பல நாடுகள்

இந்நெறியின் ஆற்றலைக் காட்டும் மெய்ச்சான்று நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரிலுள்ள ஈகவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் முன்னின்று உருவாக்கிய டைவாக் என்னும் திறமூல மென்பொருள், தடுப்பூசிச் சான்றிதழ்களைக் கணிமுறைக் கையொப்பத்தோடு வழங்குவது. அதன் பணிகள் கொள்கலங்களாகப் பிரிந்தவை. குபர்னெட்டிஸில் நிறுவுதற்குரிய விவரிப்புகளும் அதன் பொதுக்களஞ்சியத்தில் உள்ளன. இந்தியாவில் 2021 சனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது கோவின் தளத்தின் சான்றிதழ்களுக்கு இது பயன்பட்டது. அவ்வாண்டிலேயே இலங்கையும் பிலிப்பைன்சும் இதனை ஏற்றன.

மூன்று நாடுகளுக்கும் சான்றிதழ் ஒரே வடிவினதாயிருக்க இயலாது. நாட்டின் இலச்சினை வேறு. தடுப்பூசிகளின் பட்டியல் வேறு. சரிபார்ப்புத் தளத்தின் முகவரி வேறு. கையொப்பமிடும் திறவுகோல் கட்டாயம் வேறாகவே இருத்தல்வேண்டும். ஆனால் கையொப்பமிடும் நெறி ஒன்றே. பொதுவானதை நிரலில் நிறுத்தி வேறானதை அமைவில் வைத்தமையாலன்றோ, இடர்க்காலத்தில் ஒரு நாட்டில் இயற்றியது பிற நாடுகளுக்கும் விரைந்து பயன்பட்டது. கொழும்பில் சான்றிதழ் பெற்ற ஒருவர் பெங்களூர் நிரலின் பயனைப் பெற்றார் என்றால் அது அமைவுப் பகுப்பின் வெற்றியே.

தமிழ் என்னும் ஒரு வரி

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என்னும் வினாவிற்கு இனி விடை கூறலாம். 2021 சூன் தொடக்கத்தில் கோவின் தளத்தில் இந்தி உள்ளிட்ட பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலில் தமிழ் இல்லை. தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது, அரசும் வலியுறுத்தியது, சில நாள்களில் தமிழ் சேர்க்கப்பட்டது. அந்நாள்களில் தடுப்பூசிக்குப் பதிவு செய்ய முயன்ற சிற்றூர் முதியவர்க்கு, தம் மொழி இல்லாத திரை எத்தகைய தடையாக நின்றிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

முகப்புமொழிகளின் பட்டியல் பொதுவாக அமைவில் இடம்பெறுவது. பட்டியலில் ஒரு மொழியைச் சேர்த்தல் ஒரு வரி; அதற்குரிய மொழிபெயர்ப்புச் சரங்களோ பல நூறு வரிகள். முன்னதை நிரலாளர் எழுதிவிடலாம். பின்னதைத் தமிழறிந்தாரே எழுதவேண்டும். சமர்ப்பி, இரத்துசெய், மீள்முயல் என்னும் சொற்களைப் பாட்டியும் பேரனும் ஒருங்கே உணருமாறு ஆக்குதல் இலக்கணமும் வழக்கும் அறிந்தார் பணி. அப்பணிக்கு நம்மவர் முன்வாராவிடின், பொறி பெயர்த்த தமிழே நம் மக்கள் திரையில் நிற்கும்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சிறு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பப்பணி சென்னைக்கும் பெங்களூருக்கும் மட்டும் உரியது என்னும் நிலை மாறிவருகிறது. திண்டிவனம், செஞ்சி, மயிலம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறும் மாணவர் நம் வகுப்புகளில் பலர். ஆங்கிலம் அஞ்சத்தக்கது, கணிப்பொறி அயலது என்னும் எண்ணத்தோடு அவர்கள் தமிழ் வகுப்பில் அமர்கின்றனர். விகாரமும் விகுதியும் பாயிரமும் பாடபேதமும் கற்ற அவர்களுக்கு, கஸ்டமைஸின் நெறி ஏற்கெனவே பாதி தெரிந்ததே என்பதை எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் கடன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. செயலியின் நிரல் ஒன்றாகவும், களத்திற்குரிய அமைவு புறத்தே வேறாகவும் நிற்றல் வேண்டும்.

2. களந்தோறும் ஓலையைப் படியெடுத்து எழுதினால் பாடபேதம் விளையும். பொதுப்பகுதி ஒன்றைக் காத்து, தோன்றல் திரிதல் கெடுதல்களை மட்டும் தனியே எழுதுதல் நன்று.

3. தோற்றுவாயைக்கொண்டு ஓலையை உண்டாக்கினால் எழுத்துப்பிழை குறையும். உள்ளடக்கத்தாற் பிறக்கும் விகுதி, மாற்றத்தை எல்லாக் கொள்கலங்களுக்கும் ஒருசேர உணர்த்தும், பின்வாங்கவும் வழிவிடும்.

4. மறையோலை தானாக மறைந்திராது. அதனை மறைத்தல் நம் பொறுப்பு.

5. அமைவு எளிதில் மாறத்தக்கதாயின், ஒரு செயலி பல நாட்டிற்கும் பல மொழிக்கும் உரியதாகும். அம்மொழிகளுள் தமிழ் நிற்பதும் நில்லாமையும் தமிழ் கற்றோர் கையில் உள்ளது.

மரக்கலம் ஓட்டியோர் திசையையும் காற்றையும் அறிந்து, புறப்படுமுன்னரே பாயும் கயிறும் சரிபார்த்தனர். கடல் நடுவில் கயிறு தேடுவார் இல்லை. கொள்கலம் செலுத்துவோர்க்கும் அதுவே நெறி. கணிப்பொறித்துறையும் தமிழ்த்துறையும் ஒன்றன் அறையை மற்றொன்று எட்டிப்பாராமல் இயங்கும் நிலை நீங்கி, இரு துறை மாணவரும் கூடி நம் கல்லூரிக்கு வேண்டிய ஒரு சிறு செயலியையேனும் தமிழ்முகப்போடு படைப்பாராயின், இக்கட்டுரையின் பயன் நிறைவுறும்.